பழைய சட்டை போதுமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் பேத்தியின் பள்ளியில் 'வீணாகும் பொருளில் கைவினை' செய்து வரச் சொன்னார்கள். அதற்காகக் கடைக்குப் போய் தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தாள், பசை, பெயின்ட் எல்லாம் புதிதாக வாங்கினோம். கண்காட்சி முடிந்ததும் அத்தனையும் குப்பையில். இது எந்த ஊர் மறுபயன்பாடு?

வீட்டில் காலர் நைந்த சட்டை இல்லாத குடும்பம் உண்டா? பட்டனை எல்லாம் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நெஞ்சுப் பகுதியில் 17 அங்குலச் சதுரமாக இரண்டு மடிப்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். நான்கு ஓரமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, பட்டனைக் கழற்றி அந்த வழியாகப் புரட்டினால் சோபா குஷனுக்கு உறை தயார். ஜிப்பே வேண்டாம். சட்டைப் பை மேலேயே இருக்கும்; டிவி ரிமோட் வைக்க அதைவிடத் தோதான இடம் எது?

பழைய வேட்டியில் பையும் தைக்கலாம். கைப்பிடி சேரும் இடத்தில் கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறியாகத் தைத்தால்தான் அரிசி கனத்தைத் தாங்கும்.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. பள்ளிகளோ இன்னும் தெர்மாகோலை விடவில்லை. அடுத்த முறை ஊசி, நூல், பழந்துணி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். பையன்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை