உடன் வந்தவருக்குப் பெயர் இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிக் காட்டில் இரண்டு நாள் தங்கி, காட்டை ஆக்கிரமிக்கும் அயல் களையான உண்ணிச்செடியை (லந்தானா) அகற்றிய தன்னார்வலர்களைப் பற்றிச் சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மகிழ்ச்சியோடு படித்தேன். இரண்டாம் முறை ஒரே ஒரு வரிக்காகப் படித்தேன். "வழிகாட்ட ஒரு பழங்குடி இளைஞரும் உடன் வந்தார்."

குழுவில் இருந்த பதினான்கு பேருக்கும் பெயர் இருக்கிறது. என்ன படித்தார்கள், எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அந்த இளைஞருக்கு மட்டும் பெயர் இல்லை. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்குடிகள் வாழ்வது தாங்கள் அறியாததல்ல. அவர்களில் அவர் யார் என்று கேட்கக்கூடத் தங்கள் கட்டுரையாளருக்குத் தோன்றவில்லை.

அதைவிட, "உடன் வந்தார்" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யானை நடமாடும் காட்டில் யாருடன் யார் போகிறார்கள்? அவர் முன்னால் நடந்திருப்பார். மற்றவர்கள்தான் உடன் போயிருப்பார்கள்.

ஒன்பது ஆண்டுகளாக இந்தப் பணிக்குப் போய் வருகிறவன் என்பதால் சொல்கிறேன். முதல் ஆண்டில் நாள் முழுக்க அரிவாளால் உண்ணிச்செடியை முழங்கால் உயரத்தில் வெட்டிக் குவித்தேன். எங்களை அழைத்துச் சென்ற முதியவர், பல காலம் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர், அன்று ஒன்றும் சொல்லவில்லை. மழைக்குப் பிறகு மறுபடி போனபோது அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். நான் வெட்டிய ஒவ்வொரு கட்டையிலும் கொத்துக் கொத்தாகப் புதுத் தளிர். பிறகு குந்தி உட்கார்ந்து செய்து காட்டினார். தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, ஆணிவேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். பெயர்த்த புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும், வேர் மண்ணைத் தொடக் கூடாது. காய் பழுக்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும், பழுத்துவிட்டால் பறவைகள் தின்று காடெங்கும் விதைத்துவிடும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்துக்கு வந்து முளைத்ததைப் பிடுங்க வேண்டும். ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் முறையும் ஏறக்குறைய இதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்தப் பணிக்காக எனக்கு மூன்று சான்றிதழ்கள் கிடைத்திருக்கின்றன. அவருக்கு ஒன்றும் இல்லை.

ஒருநாள் காலை மூங்கில் புதரருகே அவர் கையை மட்டும் உயர்த்தினார். எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, கேட்கவில்லை. திரும்பாமல் பின்னாலேயே நடங்கள் என்று சைகை காட்டினார். ஐம்பதடி பின்வாங்கிய பிறகுதான் குட்டியோடு நின்ற யானையின் முதுகு எங்கள் கண்ணில் பட்டது. அவர் வெறுமனே "உடன் வந்தவர்" என்றால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பழைய வருத்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவின் படம் தங்கள் இதழில் வந்தது. அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தின் ஓரத்தில் அரிவாள் பிடித்த ஒரு கை மட்டும் இருந்தது. அதைத் தடவிப் பார்த்து, "இது என் கை" என்றார். அத்தனை சந்தோஷமாகச் சொன்னார். அன்று நான் தலைகுனிந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

மற்றொரு முறை, மலைப் புல்வெளியில் குழி தோண்டி மரக்கன்று நட்டவர்களைப் பாராட்டி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தீர்கள். புல்வெளியைத் தரிசு என்று எண்ணி ஆங்கிலேயர் காலத்தில் நட்ட சீகை (வாட்டில்) மரமும் யூகலிப்டஸும் இன்று அந்தப் புல்வெளியை எப்படி விழுங்கிக்கொண்டிருக்கின்றன என்பது தங்களுக்குத் தெரியும். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். அங்கே மரம் நடச் சொன்னால் அந்தப் பெரியவர் மண்வெட்டியைத் தொடவே மாட்டார். இதை அப்போதே எழுதினேன். கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்ற அத்தனை பேரைப் பறிகொடுத்தோம். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குக் கடுமையான விதிகள் வந்தன. 2024இல் அரசே 40 பாதைகளைத் திறந்தபோது, உள்ளூர் மலைமக்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்தது. காடு தெரிந்தவர்தான் வழிகாட்ட வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, தங்கள் இதழில் மட்டும் அவர் ஏன் இன்னும் பின்னால் வருகிறார்?

தன்னார்வலர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அவர்களில் ஒருவன். அட்டைக்கடியோடு இரண்டு நாள் குனிந்து வேலை செய்வது எளிதல்ல. அவர்கள் பெயர் வரட்டும், இன்னும் பெரிதாகவே வரட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். தங்கள் கட்டுரையாளரிடம் அந்த இளைஞரின் தொலைபேசி எண் இருக்கும். அவரைக் கேட்டு, அவருக்குச் சம்மதம் என்றால், அடுத்த இதழில் அவர் பெயரை ஒரு வரியில் வெளியிடுங்கள். அந்த இதழில் இரண்டு பிரதிகளை அவருக்கு அனுப்பிவையுங்கள். குடியிருப்புவரை தபால் போகாவிட்டால், அருகிலுள்ள வனத்துறைச் சோதனைச்சாவடியில் கொடுத்தால் அவர் கைக்குச் சேர்ந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்