மூன்று கொட்டாங்குச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குறுவை அறுத்தாகிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு இரண்டு நாள் முறைக்காகக் காத்திருந்தோம். அப்போதுதான் நீ சொன்ன கணக்கைச் செய்தே பார்த்தேன்.

ஆடிப்பெருக்குக்கு வந்தபோது சொன்னாயே, மூன்று கதவு, ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டும் காலி; கார் இருக்கும் கதவைக் காட்டினால் ஜெயிப்பு. நான் ஒன்றைக் காட்டுகிறேன். கார் எங்கே என்று தெரிந்தவர், மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் திறந்துவிட்டு, "மாற்றிக்கொள்கிறீர்களா?" என்கிறார். மிச்சம் இரண்டு கதவு, பாதிக்குப் பாதிதான் என்று நான் சத்தம் போட்டேன். 1990-இல் அமெரிக்காவில் மேரிலின் வாஸ் சாவன்ட் 'மாற்றினால் ஜெயிக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு' என்று பத்திரிகையில் எழுதப்போய், சுமார் 10,000 கடிதம் வந்ததையும், முனைவர் பட்டம் வாங்கியவர்களே நூற்றுக்கணக்கில் மறுத்ததையும் நீ சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை.

கதவுக்குக் கவிழ்த்த கொட்டாங்குச்சி, காருக்குப் புளியங்கொட்டை. சித்தப்பா ஒளித்து வைத்தார், நான் ஒன்றைத் தொட்டதும் மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் தூக்கிக் காட்டினார், நான் ஒவ்வொரு முறையும் மாற்றினேன். 60 ஆட்டத்தில் 41 ஜெயித்தேன். முதலில் தொட்டது தப்பாக இருக்கத்தான் மூன்றில் இரண்டு வாய்ப்பு. தப்பாக இருந்தால், மாற்றியதும் கொட்டை நம்முடையது.

அப்புறம் ஒன்று தோன்றியது. கொட்டை இருக்கும் இடம் தெரியாத ஒரு பையனிடம், நான் தொடாத இரண்டில் ஒன்றைத் தூக்கச் சொன்னோம். பல முறை கொட்டையே வெளியே வந்துவிட்டது. அந்த ஆட்டங்களைத் தள்ளிவிட்டு எண்ணினால், மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கிட்டத்தட்ட சமம்! நான் பார்ப்பது அதே காலிக் கொட்டாங்குச்சிதான். ஆனால் தூக்கியவர் தெரிந்து தூக்கினாரா, தெரியாமல் தூக்கினாரா என்பதில் கணக்கே மாறிவிடுகிறது. அன்று ராத்திரி நெல் குவியல் பக்கத்தில் படுத்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், தூக்கம் வரவில்லை.

மழை வரும், வராது என்று இரண்டுதான் உண்டு. அதற்காக ஐப்பசியிலும் பாதிக்குப் பாதி, பங்குனியிலும் பாதிக்குப் பாதி என்று நம் ஊரில் யாராவது சொல்வார்களா? வயலில் இது தெரிந்த நான், இரண்டு கதவைப் பார்த்ததும் பாதி என்றேன். உன்னைக் கோபித்துக்கொண்டது தப்பு, பாப்பா.

சித்தப்பாவுக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. 41 என் அதிர்ஷ்டம் என்கிறார். அவருக்கு நூறு கொட்டாங்குச்சி சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஒன்றைத் தொட்டதும், கொட்டை இருக்கும் இடம் தெரிந்த நான் காலியான 98-ஐத் தூக்கிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன். அப்போது மாற்றுகிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா