மிலார் போட்டு மூடிய கைகளுக்கு

ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கும் எங்கள் தெருவாருக்கும், மேல் ஹட்டியில் (மேலே உள்ள மலைக் கிராமத்தில்) இருக்கும் சொந்தங்களுக்கும், பெயர் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும் வணக்கம்.

அப்பா வீடு திரும்பிவிட்டார். பிளம்ஸ் மரம் பூத்துவிட்டது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வோம்?

கார்த்திகை மாதக் கடைசியில், நீர்ப்பனியில் நனைந்திருந்த தோட்டத்துப் படியில் அப்பா வழுக்கி விழுந்ததும், இடுப்பு எலும்பு முறிந்து கோவைக்குக் கொண்டுபோனதும் உங்களுக்குத் தெரியும். அறுவை சிகிச்சை, பிறகு நடைப் பயிற்சி என்று அம்மாவும் நானும் எழுபத்தைந்து நாள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளிந்து அப்பா முதலில் கேட்டது தன் காலைப் பற்றி அல்ல. "கேத்தியில் உறைபனி இறங்கிவிட்டதா?" என்றுதான் கேட்டார்.

அவர் கவலையில் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டின் கீழ்ப்பாத்தி பள்ளத்தில் இருக்கிறது. இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். வானம் தெளிந்து, காற்று அடங்கிய இரவு என்றால் விடியும்போது புல்லெல்லாம் உப்பைக் கொட்டியது போல வெளுத்திருக்கும். பனியின் மேல் சுள்ளென்று வெயில் பட்டால் செடி வெந்துபோகும். அதற்கு முன்பே தண்ணீர் தெளித்துக் கரைத்துவிட வேண்டும். முப்பது ஆண்டுகளாக அப்பா மார்கழியிலும் தையிலும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு செய்துவந்த வேலை இது. இந்த ஆண்டு அதைச் செய்ய எங்கள் வீட்டில் ஆளில்லை.

எதிர்வீட்டு அக்கா, நீங்கள் செய்தீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்துக்கும் முன்னால், விடியற்காலையில், விறைத்த கையோடு எங்கள் குழாயைத் திறந்தீர்கள். குழாயில் தண்ணீர் உறைந்து வராத அன்று அடுப்பில் சுடவைத்துக் கொண்டுவந்து ஊற்றினீர்கள் என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லித்தான் தெரியும். தொலைபேசியில் ஒருநாள்கூட நீங்கள் இதைச் சொன்னதில்லை. "எல்லாம் நன்றாக இருக்கிறது, மாமாவைப் பாருங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டீர்கள்.

ஊட்டித் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு என் வணக்கம். பூங்காவில் பனிக்கு மலர்ச்செடிகளை மூடுவது போலவே கோத்தகிரி மிலார் என்னும் செடியை வெட்டிவந்து, அம்மாவின் ஜெரேனியம், பியூசியா தொட்டிகள் மேல் கூரை மாதிரி சாய்த்து வைத்தீர்கள். டேலியாக் கிழங்குகளைத் தோண்டி, மண் உதறி, சாம்பல் தூவிக் கூடையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் நிறத்தை எழுதிய சீட்டைக் கட்டியிருந்தீர்கள். அம்மா அந்தச் சீட்டுகளை எடுத்துப் படித்துப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ரோஜாவைக் கவாத்து செய்ததும் நீங்கள்தான். வெட்டிய இடத்துக்குக் கீழே இப்போது சிவப்புத் துளிர் விரல்நுனி அளவு வந்திருக்கிறது.

பால் கொண்டுவரும் அண்ணன், மேல் ஹட்டித் தம்பிகள் ஆகியோருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. தை மாதத்தில் ஓர் இரவு காட்டெருமைகள் வேலியை முறித்து உள்ளே புகுந்தன. பிளம்ஸ் மரத்தின் பெரிய கிளை அடியோடு பிளந்து தொங்கியதாம். இனி அது பிழைக்காது, வெட்டிவிடலாம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அண்ணன் கேட்கவில்லை. கிளையைத் தூக்கி நிறுத்தி முட்டுக்கொடுத்து, களிமண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, பழைய சேலையைக் கிழித்து இறுக்கிக் கட்டினார். தம்பிகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலியைச் சரிசெய்துவிட்டார்கள். நீர்போகம் என்னும் பாசனப் பருவத்துக்கு உருளைக்கிழங்கு ஊன்றும் காலம் தப்பிவிடக் கூடாது என்று, யாரும் கேட்காமலே இரண்டு பாத்தி ஊன்றியும் வைத்தார்கள். இப்போது நான்கு விரல் உயரம் நிற்கிறது.

நேற்று அப்பா நடைச்சட்டத்தைப் பிடித்தபடி மரத்தடிவரை நடந்தார். வாசலிலிருந்து பதினெட்டு அடி. மரத்தில் இன்னும் இலை வரவில்லை. கிளை முழுக்க வெள்ளைப் பூ, அதில் தேனீக்களின் இரைச்சல், வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாக வந்து வந்து போகின்றன. அப்பா பூவைப் பார்க்கவில்லை. சேலைக் கட்டின் மேல் கை வைத்து, அதற்கு மேலே கிளை நுனிவரை தடவிக்கொண்டே போனார். பிளந்த கிளையிலும் பூ இருந்தது. மற்றக் கிளைகளை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். "அவிழ்த்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம், ஒரு மழைக்காலம் போகட்டும்" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

கோவையில் மூன்று வேளையும் சோறு கொண்டுவந்த சித்திக்கும், மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, அப்பாவுக்கு வலி தெரியாமல் அழைத்துவந்த கார் ஓட்டுநர் அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

மே மாதம் பழம் சிவக்கும். முதல் கூடை எதிர்வீட்டுக்கு, அடுத்தது ஐயா வீட்டுக்கு, பிறகு ஹட்டிக்கு என்று அம்மா இப்போதே வரிசை சொல்லிவிட்டார். பூங்காவில் மலர்க் கண்காட்சி பார்க்க வெளியூர் உறவினர்கள் வந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மரம் எல்லாருக்கும் காய்க்கும்.

ஒருவருக்கு மட்டும் நேரில் நன்றி சொல்ல முடியவில்லை. பனி கடுமையாக இருந்த ஏதோ ஓர் இரவில் யாரோ வந்து, மிலார் எட்டாத மூலையில் இருந்த எலுமிச்சைக் கன்றைச் சுற்றி இரண்டு சாக்குகளைப் போர்த்திக் கயிறு கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அக்காவைக் கேட்டோம், ஐயாவைக் கேட்டோம், அவர்கள் இல்லை. கன்று பிழைத்துவிட்டது. சாக்குகளைத் துவைத்துக் காயவைத்து, மடித்துத் திண்ணையில் வைத்திருக்கிறோம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள், தேநீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.