ஒரு கூடம், இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்: மதுரைக் காது கேளாதோருக்காக ஒரு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழும் காது கேளாதோரும் அவர்களுடைய பெற்றோர், நண்பர்கள் சிலரும் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. வரும் ஆண்டுக்கு வெளியிலிருந்து 5 லட்சம் ரூபாய் திரட்ட வேண்டியிருக்கிறது. எதற்கு என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறோம். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்களைத் தேடி வரும் நல்ல மனிதர்களில் பாதிப்பேர், "பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடலாமா?" என்று கேட்கிறார்கள். மீதிப்பேர் காது கேட்கும் கருவி வாங்கித் தர முன்வருகிறார்கள். கொடுக்க நினைக்கும் மனத்துக்கு நன்றி. ஆனால் எங்கள் உறுப்பினர்கள் தையற்கூடங்களிலும் அச்சகங்களிலும் லேத் பட்டறைகளிலும் உழைத்துச் சம்பாதிப்பவர்கள். சாப்பாட்டுக்கு அவர்கள் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை. பந்தியில் உட்கார வைத்துப் புகைப்படம் எடுப்பது அவர்களுக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

உண்மையான இடர் எங்கே வருகிறது என்பதற்கு ஒன்றை மட்டும் சொல்கிறோம். எங்கள் உறுப்பினரான ஒரு தாய், சென்ற ஆண்டு வயிற்று வலியோடு மருத்துவமனை ஒன்றுக்குப் போனார். டோக்கன் எண்ணை வாயால்தான் கூப்பிட்டார்கள். அவருடைய முறை வந்தது தெரியவில்லை. வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். உடன் போனவள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள். அவளுக்குக் காது கேட்கும். மருத்துவர் முகக்கவசம் அணிந்திருந்ததால் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை அந்தக் குழந்தைதான் அம்மாவுக்குச் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பப்பைக்கு உரிய சைகை அவளுக்குத் தெரியாது. அம்மாவின் வயிற்றைத் தொட்டுவிட்டு, இரண்டு விரல்களைக் கத்தரிபோல் ஆட்டிக் காட்டினாள். பயப்பட வேண்டாம் என்ற பகுதியைச் சொல்வதற்குள் அவளே அழத் தொடங்கிவிட்டாள். தான் பிழைக்கப் போவதில்லை என்றே அந்தத் தாய் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அரை மணி நேரம் உடன் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போதும், வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போதும், சொத்துப் பாகப்பிரிவினையில் உடன்பிறந்தவர்கள் சுற்றி நின்று பேசும்போதும் இதே நிலைதான். "எழுதிக் காட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி. பத்திரத் தமிழ் காது கேட்கும் நமக்கே புரிவதில்லை என்பது வேறு விஷயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறையுடையோர் 50 லட்சத்துக்கும் மேல். இந்திய சைகை மொழிக்கென ஆய்வு, பயிற்சி மையம் ஒன்று 2015இல்தான் தில்லியில் தொடங்கப்பட்டது. அது வெளியிட்ட சைகை அகராதி 2021இல் 10,000 சொற்களைத் தொட்டது. மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் முன்னிலையானார். அங்கே திறந்த கதவு நம்மூர்ப் புறநோயாளிகள் பிரிவு வரை வந்து சேர வேண்டுமானால், இங்கே ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். பயிற்சி பெற்ற இருவர் பகுதி நேரமாகப் பணியாற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதம் 60 மணி நேரத்துக்கு ஆளுக்கு 15,000 ரூபாய், ஆண்டுக்கு 3,60,000. எங்கள் செலவில் பெரும்பங்கு இதுதான். இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்க எங்களுக்கு மனமில்லை.

அடுத்தது இடம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் உறுப்பினர்கள் இதுவரை பேருந்து நிலையத்தையொட்டிய ஒரு தேநீர்க்கடை வாசலில்தான் கூடுகிறார்கள். காரணம், அங்கே விளக்கு வெளிச்சம் நன்றாக விழும். கைகளும் முகமும் தெரிந்தால்தானே பேச முடியும்? ஒரு முறை மின்சாரம் போனபோது முப்பது பேர் பேச்சும் ஒரே நொடியில் அறுந்தது. பாதி வாக்குவாதத்தில் இருந்த இருவர் செல்பேசி வெளிச்சத்தை ஒருவர் முகத்தில் மற்றவர் அடித்துக்கொண்டு சண்டையைத் தொடர்ந்தார்கள்! கடைக்காரர் நல்லவர், ஒன்றும் சொல்வதில்லை. ஆனாலும் பெண்கள் அங்கே வரத் தயங்குகிறார்கள். மழைக்காலத்தில் யாரும் வருவதில்லை. ஆகவே மாதம் 6,000 ரூபாய் வாடகையில் ஒரு கூடம் பார்த்திருக்கிறோம், ஆண்டுக்கு 72,000. நல்ல விளக்குகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் 35,000. வேறு எந்தச் சங்கத்துக்கும் இன்வெர்ட்டர் ஒரு வசதி. எங்களுக்கு அதுதான் ஒலிபெருக்கி.

அந்தக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பெற்றோருக்குச் சைகை வகுப்பு நடத்தப் போகிறோம். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், சைகையை விட்டுவிட்டு வாய்ப்பேச்சின் வழியாகவே பாடம் நடத்த வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதன் நிழல் நம் ஊர்களிலும் நெடுங்காலம் விழுந்தது. எங்கள் மூத்த உறுப்பினர்களில் சிலர் வகுப்பில் கையை அசைத்ததற்காக அடி வாங்கியவர்கள். "கையாட்டினால் பேச்சு வராது" என்ற அச்சம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. விளைவு, பதினான்கு வயது மகனிடம் ஒரு தாய்க்குச் சொல்லத் தெரிந்தவை சாப்பிடு, குளி, தூங்கு, பள்ளிக்குப் போ. அவன் எதற்காக மூன்று நாளாக முகம் வாடியிருக்கிறான் என்று அவரால் கேட்க முடியவில்லை.

காது கேட்கும் கருவி பற்றியும் சொல்லிவிடுகிறோம். மேடையில் கருவி கொடுப்பவர்கள் பலர், பிறகு பேட்டரி கொடுப்பார் இல்லை. குழந்தை வளர வளரக் காதும் வளரும். காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்ந்து கருவி கீச்சிடத் தொடங்கும், பிள்ளை கழற்றி வைத்துவிடும். அலமாரியில் தூங்கும் கருவிகளை மீண்டும் காதில் ஏற்ற, புதிய அச்சுக்கும் பேட்டரிக்குமாக 60,000 ஒதுக்கியிருக்கிறோம்.

விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் 48,000. இது ஆடம்பரம் என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதிட்டார், வாக்கெடுப்பில் தோற்றார். காது கேளாதோருக்கான ஒலிம்பிக் போட்டிகள் 1924இலேயே பாரிசில் தொடங்கிவிட்டன. 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த அந்தப் போட்டியில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வென்ற ஜெர்லின் அனிகா நம் மதுரைப் பெண். அவரைப் பார்த்து மட்டை கேட்கும் பிள்ளைகளிடம் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று இனியும் சொல்ல முடியாது. சித்திரைத் திருவிழாவுக்கும் இதிலிருந்தே சிறு தொகை: வைகையில் அழகர் இறங்கும் நெரிசலில் காவல்துறையின் ஒலிபெருக்கி அறிவிப்பைச் சைகையில் சொல்ல, பளிச்சென்ற சட்டையில் தன்னார்வலர்கள் நிற்பார்கள்.

ஆக மொத்தம் 5,75,000. உறுப்பினர்கள் 125 பேர் மாதம் 50 ரூபாய் சந்தா கட்டுகிறார்கள், ஆண்டுக்கு 75,000. மீதிக்குத்தான் உங்களிடம் வருகிறோம். நீங்கள் கொடுக்கும் 250 ரூபாய் ஒரு மணி நேர மொழிபெயர்ப்பு. 1,000 ரூபாய் என்றால் ஒரு முற்பகல் முழுவதும் மருத்துவமனையில் ஒருவருக்குத் துணை. வருமான வரிச் சலுகைக்கான 80ஜி சான்று எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதை எண்ணிக் கொடுப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைக் கூடத்தின் சுவரில் ஒட்டுவோம், கேட்பவர்களுக்கு அனுப்பியும் வைப்போம். பணம் இல்லாவிட்டால் நாற்காலி, மின்விசிறி, பழைய இறகுப்பந்து மட்டை எதுவானாலும் சரி. சனிக்கிழமை வகுப்புக்கு வந்து சைகை கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது, கட்டணம் கிடையாது.

வங்கிக் கணக்கு விவரமும் வாட்ஸ்அப் எண்ணும் இத்துடன் உள்ள தனித்தாளில் இருக்கின்றன. அந்த எண் எங்கள் பொருளாளருடையது. அவருக்குக் காது கேளாது. அழைத்துப் பார்த்துவிட்டு எடுக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், செய்தியாக அனுப்புங்கள். எவ்வளவு அனுப்பினீர்கள், எந்தப் பெயரில் ரசீது வேண்டும் என்று எழுதினால் அன்றே பதில் வரும்.

இங்ஙனம்,
நிர்வாகக் குழுவினர்
மதுரை