அந்த டாகிள் ரேசரை வாங்குமுன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

பழைய சேஃப்டி ரேசர்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் உனக்கும் வந்துவிட்டதை உன் கடிதத்தில் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஒருவர் விற்பதாகச் சொல்லும் ஜில்லெட் டாகிள் ரேசரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். பொன்முலாம் மின்னுகிறது, 'மிகவும் அரிது' என்கிறார், விலையும் அதற்கேற்ப உயர்ந்திருக்கிறது. ஆனால் அவர் அனுப்பியிருப்பது ரேசரை நிற்க வைத்து முன்புறமாக எடுத்த ஒரே ஒரு படம். அதை மட்டும் வைத்து வாங்கு என்றோ வேண்டாம் என்றோ என்னால் சொல்ல முடியாது. ஒரு ரேசரின் தகுதியைத் தீர்மானிப்பது அதன் தலை, அந்தத் தலையின் அடிப்புறத்தை நீயும் நானும் இன்னும் பார்க்கவில்லை.

முதலில், பழையதாக இருப்பதையும் அரிதாக இருப்பதையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள். கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் 1903ஆம் ஆண்டில் விற்றவை வெறும் 51 ரேசர்கள். காப்புரிமை கிடைத்தது 1904இல். ஆனால் முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்களுக்காக ஏறத்தாழ 35 லட்சம் ரேசர்கள் அந்த நிறுவனத்திடமிருந்து சென்றன. ஆகவே நூறு வயதைத் தாண்டிய ஒரு ரேசர் உன் கைக்கு எளிதாகவே வந்து சேரலாம். அதற்கு 'அரிது' என்ற பெயரில் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. டாகிள் அப்படியன்று. 1950களின் இறுதியில் குறைந்த எண்ணிக்கையில் வெளிவந்து, விரைவில் நின்றுபோனது. கைப்பிடியின் அடியில் உள்ள சிறு நெம்புகோலை அசைத்தால் தலையில் பிளேடை மூடியிருக்கும் இரு கதவுகளும் திறக்கும். அதே காலத்தில் வந்து சேகரிப்பாளர்களிடையே 'ஃபேட் பாய்' என்று பெயர் பெற்ற ரேசரில் அந்த நெம்புகோல் இல்லை; அடியில் உள்ள குமிழைத் திருக வேண்டும். இந்த வேறுபாடு முன்புறப் படத்திலேயே தெரிந்துவிடும் என்பதால், உனக்குக் காட்டப்பட்டது டாகிள்தான் என்பதை நான் ஏற்கிறேன். அது நல்ல நிலையில் இருக்கிறதா என்பதே மிச்சமுள்ள கேள்வி.

தலையின் அடிப்புறத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல். 1950களின் தொடக்கத்திலிருந்து ஜில்லெட் அங்கே ஓர் ஆங்கில எழுத்தையும் ஓர் எண்ணையும் பொறித்தது. எழுத்து ஆண்டையும், எண் அந்த ஆண்டின் காலாண்டையும் குறிக்கும். 'A' என்றால் 1955, 'E' என்றால் 1959. விற்பவர் சொல்லும் ஆண்டும் இந்தப் பொறிப்பும் பொருந்தாவிட்டால், அவர் பொய் சொல்கிறார் என்று உடனே முடிவு கட்டாதே; பெரும்பாலோர் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்து விற்பவர்கள், அவர்களுக்கு ஆண்டு தெரியாது. ஆனால் விலையைப் பேசும்போது நீ அந்தப் பொறிப்பையே நம்ப வேண்டும்.

அடுத்து, கதவுகள் முழுவதும் திறந்த நிலையில் ஒரு படமும், முழுவதும் மூடிய நிலையில் இரு பக்கவாட்டிலிருந்தும் படங்களும் கேள். மூடிய கதவுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் அமர வேண்டும். கீழே விழுந்து அடிபட்ட ரேசரில் ஒரு கதவு சற்றே தூக்கி நிற்கும். பிளேடு ஒரு புறம் அதிகமாகவும் மறுபுறம் குறைவாகவும் வெளியே தெரியும். இந்தக் குறையை வீட்டில் சரிசெய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் இருந்ததையும் கெடுத்துவிடுவார்கள் என்பதால், அப்படிப்பட்டதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். பிளேடின் இடைவெளியை மாற்றும் வளையம் 1 முதல் 9 வரை தடையின்றிச் சுழல்கிறதா என்றும் கேள். இறுகியிருந்தால் அது பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகளாகப் படிந்து காய்ந்த சோப்பு பெரும்பாலும் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் இளகிவிடும். வலுக்கட்டாயமாகத் திருகிப் பார்க்க வேண்டாம் என்று விற்பவரிடமும் தன்மையாகச் சொல்லிவை.

பொன்முலாம் மிக மெல்லியது. விளிம்புகளில் தேய்ந்து அடியில் உள்ள உலோகம் தெரிந்தால், அது யாரோ ஒருவர் அன்றாடம் சவரம் செய்த தேய்மானம். அதைக் கண்டு நீ தயங்க வேண்டாம். எங்கும் ஒரே சீராகப் புத்தம் புதிதாக மின்னினால்தான் 'மறுமுலாம் பூசியதா?' என்று நேரடியாகக் கேட்க வேண்டும். பூசியதை மறைக்காமல் சொல்லி விற்பதில் தவறில்லை, ஆனால் பொறிப்புகளின் கூர்மை அதில் மழுங்கிப்போகிறது, மூல முலாமுக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வாங்கிய பிறகு நீயும் வினிகரில் ஊறவைக்கவோ மெருகுப் பசையால் தேய்க்கவோ செய்யாதே. மென்மையான பல்துலக்கி, சிறிது பாத்திரம் கழுவும் திரவம், பிறகு கிருமி நீக்க ஆல்கஹால், இவையே போதும்.

டாகிள் கைநழுவினால் வருந்தாதே. வேறு பல உண்டு. ஜில்லெட்டின் மிகப் பழைய, மூன்று துண்டுகளாகப் பிரியும் ரேசர்களை வாங்கும்போது, கைப்பிடிக் குழாயில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று பார். அந்த வகைக்கே உரிய நோய் அது. தலையில் பிளேடின் விளிம்பையொட்டி சீப்பைப் போல இருக்கும் பற்களில் ஒன்று வளைந்திருந்தாலும் தோலைக் கீறும். ஒன்றின் தலையையும் மற்றொன்றின் கைப்பிடியையும் இணைத்து விற்பதும் உண்டு. இன்றைய இருமுனை பிளேடு அவற்றிலும் பொருந்தும் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. ஜெம் வகை ஒருமுனை ரேசருக்கும், பிளேடைப் பக்கவாட்டிலிருந்து உள்ளே செலுத்தும் ஷிக் இன்ஜெக்டருக்கும் இன்றும் பிளேடு விற்கிறார்கள். ரோல்ஸ் ரேசர் மட்டும் வேறு. தன் தடித்த பிளேடைத் தன் பெட்டியின் ஒரு மூடியில் உள்ள கல்லிலும் மறு மூடியில் உள்ள தோலிலும் தீட்டிக்கொள்ளும் அழகான இயந்திரம் அது. பிளேடு துருப்பிடித்திருந்தால் வாங்கவேண்டாம்.

ஒன்றை மறந்துவிட்டேன். பழைய பிளேடு உள்ளேயே இருந்தால், அதை அகற்றிவிட்டு அனுப்பச் சொல். பொட்டலம் வந்ததும் நீயும் தலையைத் தொடாமல், கைப்பிடியை மட்டும் பிடித்துக் கவனமாகத் திற.

படங்கள் வந்தவுடன் எனக்கு அனுப்பு. கதவுகள் மட்டமாக அமர்ந்து, வளையமும் சுழன்றால், முலாம் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் வாங்கலாம் என்றே எழுதுவேன். விற்பவர் படம் தர மறுத்தால் விட்டுவிடு.

அன்புடன்,
அப்பா