ஆறு மாச மழைக் கணிப்பையும் தமிழ்ல போடுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பினாங்கு ஆயர் ஈத்தாம்ல சின்ன அளவுல கேட்டரிங் பண்றேன், கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் சாப்பாடுன்னு எது வந்தாலும் எடுத்துக்குவேன், அதனால மழையும் தண்ணியும் எனக்கு பொழப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

கொஞ்ச நாள் முன்னாடி பசார்ல கீரை வாங்குறப்போ பக்கத்துல ஒரு அண்ணன், "மழை கம்மியா இருக்கும்னு வானிலைக்காரன் சொல்றான், நேத்து பாத்தா கொட்டித் தீத்துடுச்சு, இவங்கள நம்பி எவன் தண்ணி பிடிச்சு வைப்பான்"னு சொல்லிச் சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கிறப்போதான் உறைச்சுது, அவரு பேசினது நேத்து பெஞ்ச மழைய, அவங்க சொன்னது மூணு மாச மழைய, ரெண்டும் வேற வேற கணக்கு.

2017 நவம்பர் 4, சனிக்கெழமை ராத்திரிய பினாங்குக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எனக்கு மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு 300 பேர் சாப்பாடு ஆர்டர், பருப்பு ஊறப்போட்டு, பூண்டெல்லாம் உரிச்சு ரெடியா இருக்கு, காத்து ஒரு பக்கம் மழை ஒரு பக்கம், விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு பாத்தா கிச்சன்ல முழங்காலுக்கு மேல தண்ணி, பெரிய அண்டாவெல்லாம் மெதக்குது, பிரீசர் சாய்ஞ்சு படகு மாதிரி நகந்து வந்து கதவ அடைச்சிக்கிச்சு. அஞ்சு மூட்டை அரிசிய தரையிலேயே அடுக்கி வெச்சிருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு மூட்டைய தொட்டா உள்ள சூடா இருக்கு, அந்த புளிச்ச வாடை இன்னும் மூக்குல இருக்கு. அந்த வெள்ளத்துல நம்ம மாநிலத்துல ஏழு உசுரு போச்சு, அதுக்கு முன்னால என் அரிசி ஒண்ணுமே இல்ல.

சரி, அந்த ராத்திரிதான் கொட்டும்னு ஆறு மாசம் முன்னாடியே யாராவது சொல்லியிருக்க முடியுமா? முடியாது. ஆனா வர்ற மழைக்காலம் வழக்கத்த விட கூடுமா குறையுமான்னு ஓரளவுக்கு சொல்ல முடியும். அரிசி மூட்டைய பலகை மேல ஏத்தி வைக்கிறதுக்கு அது போதுமே.

கல்யாண வேலையும் இப்படித்தான். மண்டபம் ஆறு மாசம் முன்னாடி, மளிகை ஒரு வாரம் முன்னாடி, வாழை இலை அன்னிக்கு காலையில. மண்டபம் புக் பண்றப்போ எத்தன பேரு வருவாங்கன்னு யாருக்கும் கரெக்டா தெரியாது, அதுக்காக புக் பண்ணாம இருக்கோமா? வர்ற சில மாசத்துக்கு சொல்ற பருவ கணிப்புங்கிறது மண்டபம் புக் பண்ற ஸ்டேஜ். டிரேன் குப்பைய அள்ளுறது, இன்சூரன்ஸ்ல வெள்ளத்துக்கு கவர் இருக்கான்னு பாக்கறது, வீட்டுப் பத்திரம் பர்த் சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பைல போடறது, இதெல்லாம் அப்போ செய்ய வேண்டிய வேலை. ஒரு வார கணிப்பு வந்தா சாமான மேல ஏத்தணும், எச்சரிக்கை வந்துட்டா கெளம்பணும். 2008ல மேற்கு ஆப்பிரிக்காவுல மழை அதிகம்னு பருவ கணிப்பு வந்தவுடனே செஞ்சிலுவைச் சங்கம் வெள்ளம் வர்றதுக்கு முன்னாடியே நிதி கேட்டு, உதவிப் பொருள டக்கார், அக்ரா மாதிரி ஊருங்கள்ல கொண்டுபோய் இறக்கி வெச்சாங்க, வாரக்கணக்குல ஆகுற உதவி சில நாள்லயே போய்ச் சேந்துச்சு.

வறட்சியும் அப்படித்தான். பசிபிக் கடல் சூடு மெதுவா மாறுறதாலதான் நம்ம பக்கம் மழைய குறைக்கிற எல் நினோவ மாசக்கணக்குல முன்னாடியே கணிக்க முடியுது (மார்ச், ஏப்ரல்ல பாக்குற கணிப்பு மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும்னு சொல்றாங்க). 1998ல பெரிய எல் நினோ, கோலாலம்பூர் பக்கம் கிள்ளான் பள்ளத்தாக்குல மாசக்கணக்குல தண்ணி ரேஷன், எங்க அக்கா அங்க இருந்தா, துணி அலசின தண்ணியிலதான் டாய்லெட் கழுவுவாளாம். நம்ம பினாங்குல இன்னொரு சிக்கல், குடிக்கிற தண்ணி பெரும்பாலும் சுங்கை மூடா ஆத்துல இருந்து வருது, அதனால ஜார்ஜ் டவுன்ல மழை கொட்டினா மட்டும் பத்தாது, கெடாவுல உலு மூடா காட்டுல பெய்யணும். பசார் அண்ணன் நேத்து மழைய பாத்து சிரிச்சதுல இந்தக் கணக்கு வரல.

2024 ஜனவரில பெரிய வால்வு மாத்த நாலு நாள் தண்ணி இருக்காதுன்னு தேதி போட்டு முன்கூட்டியே சொன்னாங்க, கடையில தண்ணி பிடிச்சு வைக்கிற தோங் கெடைக்கல, அந்த அளவுக்கு ஊரே பிடிச்சு வெச்சுது. தேதி சொன்னா ஓடுறோம், விழுக்காடு சொன்னா சிரிக்கிறோம். தப்பு சொல்ற விதத்துலயும் இருக்கு. மழை கூட, இயல்பு, குறையன்னு மூணுக்கும் சமமா 33 விழுக்காடுதான் ஆரம்பக் கணக்கு, அதுல 'குறைய'ங்கிறது 50க்கு ஏறினா பத்துல அஞ்சு தடவை நடக்கும், அஞ்சு தடவை நடக்காது. நடக்காமப் போனா எனக்கு என்ன நஷ்டம், ரெண்டு தோங் காசு, அது எப்படியும் ரசம் வைக்க ஆகும்.

மலேசிய வானிலைத் துறை ஆறு மாசத்துக்கான கணிப்ப மாசா மாசம் வெளியிடுது. ஆனா எங்க தெருவுல இருக்கற பெரியவங்க படிக்கிறது உங்க பேப்பர மட்டும்தான். மாசத்துல ஒரு நாள், பினாங்குக்கும் கெடாவுக்கும் மழை கூடுமா குறையுமா, அணையில தண்ணி எவ்வளவு, அந்த மாசம் வீட்லயும் கோயில்லயும் என்ன வேலைய முடிச்சு வைக்கணும்னு நாலு வரி தமிழ்ல போடுங்க, ராசிபலன் பக்கத்துலயே போட்டாலும் சரி, அங்கதான் எல்லாரும் மொதல்ல பாப்பாங்க. கத்தரிச்சு ஒட்ட பிரிட்ஜ் கதவுல இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு