பல் டாக்டர் வீட்டிலிருந்து நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேசி அனுப்ப வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். பந்தி, பாத்திரம், வெற்றிலை பாக்கு என்று அலைந்ததில் அது நடக்கவில்லை. துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் நீங்களும் கை கழுவிவிட்டுப் பேசாமல் கிளம்பிவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல். எங்கள் வீட்டில் எழுத்து வேலை எதுவானாலும் மூத்தவள் தலையில்தான் விழும்.

முதலில் கிளினிக் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்களுக்கு. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பிள்ளைகள் நாங்கள் பெங்களூரு, கோவை, ஓசூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். விடியற்காலையில் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும். இன்றைக்கு யார் முறை என்று ஸ்டாண்டிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். அம்மா காசை நீட்டினால், "எங்கம்மாவுக்குப் பல்செட் கட்டினப்ப சார் என்ன வாங்கினாரு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்கள். மழை நாளில் படி வழுக்கும் என்று நாற்காலியோடு தூக்கி இறக்கியதும் அவர்கள்தான். அப்பா ஒன்றும் இலேசான ஆள் இல்லை.

டயாலிசிஸ் பிரிவின் சிஸ்டர்களுக்கும் டெக்னீசியன் தம்பிகளுக்கும் நன்றி. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா போடுவதற்கு முன்பு அப்பா, "இடது கையில போடுங்கம்மா, வலது கை வேலைக்கு வேணும்" என்றாராம். "எப்படியும் இடது கையிலதான் சார் போடுவோம்" என்று ஒரு சிஸ்டர் சிரித்ததை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நான்கு மணி நேரம் மிஷினில் படுத்துக்கொண்டே பக்கத்துக் கட்டில்காரரின் ஈறு வீக்கத்துக்கு யோசனை சொன்னவரைச் சகித்துக்கொண்டீர்களே, அதற்குத் தனி நன்றி. ரத்தம் குறைந்தபோதெல்லாம் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளையும் மறக்கவில்லை.

காவேரிப்பட்டணத்திலிருந்தும் சந்தூரிலிருந்தும் இந்த வருடமும் மாம்பழப் பெட்டி அனுப்பியவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாம்பழம் ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். அப்பா சாப்பிடவில்லை. ஆனால் பெட்டியைப் பிரித்து, காம்புப் பக்கம் மோந்து பார்த்து, இது பெங்களூரா ரகம், இது செந்தூரா ரகம் என்று பிரித்து, தெருவில் யார் வீட்டுக்கு எது போக வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு போட்டார். 2004-ல் அந்த ஊர்களோடு கிருஷ்ணகிரி தருமபுரியிலிருந்து தனி மாவட்டமாகப் பிரிந்தது அவர் கணக்கில் சேரவே இல்லை. நோயாளி எந்தப் பக்கத்துக்காரராக இருந்தாலும் "நம்ம மாவட்டம்" என்றுதான் சொல்வார்.

அப்பாவுக்கு 72 வயது. பென்னாகரம் தாண்டி ஒரு சிற்றூரில் பிறந்தவர். கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர், அதனால் முன்பற்கள் நான்கிலும் காவி. சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து 1981-ல் தருமபுரியில் கிளினிக் திறந்தார். கரண்ட் போனால் காலால் மிதிக்கும் டிரில்லை எடுத்துக்கொள்வார். அது இன்னமும் பரணில் இருக்கிறது. வாடகை, கடன், போட்டி எல்லாம் மற்றவர்களுக்கு இருப்பதுபோல்தான். அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சொல்ல வேண்டியது அந்தக் காவியைப் பற்றி. நம் பாறை மண்ணில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நம் ஊர்களில் பல கிணறும் போர்வெல்லும் அதைத் தாண்டியவை. பால் பல் விழுவதற்கு முன்பே நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடும். அந்த வயதில் இந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாகக் கட்டாது. முளைக்கும்போதே பல் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாகத்தான் வரும். வெளியே இருந்து ஒட்டிய அழுக்கு இல்லை அது, தேய்த்தால் போகாது. செங்கல் தூள், உமிக்கரி போட்டுத் தேய்த்து எனாமலைக் கரைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் மட்டும் அப்பாவுக்குக் கோபம் வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோமே என்பவர்களிடம், "காய்ச்சினா தண்ணி வத்தும், ஃபுளோரைடு வத்தாது" என்பார்.

பெண் பார்க்க வரும் நேரத்தில்தான் பலர் கிளினிக்குக்கு வருவார்கள். அம்மாக்காரி பேசுவாள், பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்பா முகக்கவசத்தை இறக்கி, தன் பல்லைக் காட்டி ஒரு சிரிப்புச் சிரிப்பார். "இது உன் குத்தமில்ல கண்ணு, தண்ணி குத்தம். எனக்கும் இதேதான், எனக்குக் கல்யாணம் ஆகலையா?" அதற்கப்புறம்தான் பெண் கையை எடுக்கும். முன்பல்லுக்கு மட்டும் பல் நிறப் பூச்சு வைத்து அனுப்புவார். சக டாக்டர்கள் எத்தனையோ முறை சொல்லியும் தன் பல்லுக்கு மட்டும் எதுவும் செய்துகொள்ளவில்லை. தொழிலுக்கு அதுதான் வசதி என்பார். பிடிவாதமும் கொஞ்சம் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது. எல்லோரும் குழாயில் தண்ணீர் வந்ததா என்று பார்த்தார்கள், அப்பா பல்லுக்குக் காத்திருந்தார். அதற்கப்புறம் பிறந்த பிள்ளைகளுக்குப் பால் பல் விழுந்து நிலையான முன்பல் முளைக்க ஏழெட்டு வருடம் ஆகும் அல்லவா? கிராமத்துப் பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளின் ஊர், கிணறா போரா காவிரியா, பல் எப்படி என்று டயரியில் எழுதிவைத்தார். வகுப்பு நேரத்தில் உள்ளே விட்ட தலைமையாசிரியர்களுக்கும் டீச்சர்களுக்கும் நன்றி. ஒருநாள் ராத்திரி அவர் போன் செய்து, "பாப்பா, ஒரு பிள்ளைக்கு முன்பல் ரெண்டும் பால் மாதிரி இருக்கு" என்றார். வேறு சேதி எதுவும் இல்லை, வைத்துவிட்டார். அந்த டயரிகளை அப்பாவோடு வேலை பார்த்த இளைய டாக்டரிடம் கொடுத்திருக்கிறோம். காவிரித் தண்ணீர் வராத நாளில் மறுபடி போருக்குப் போகிற ஊர்களின் பட்டியலும் அதில் இருக்கிறது.

வீட்டில் அவர் டாக்டர் இல்லை. எங்கள் பால் பல் எதையும் அவர் பிடுங்கியதில்லை, நாக்கால் தள்ளு என்று விட்டுவிடுவார். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவதில் மட்டும் அவ்வளவு ஆர்வம். மாடி வீடு கட்டிய பிறகு பேரன் பல்லுக்காகப் பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையைத் தேடிப் போனார். ஓடு தந்த அந்த வீட்டு ஆயாவுக்கும் நன்றி சொல்லிவிடுகிறேன். விருந்தாளி வந்தால் ஒகேனக்கல்தான். ஆனால் பரிசலில் ஏற மாட்டார், தண்ணீர் பயம். கரையில் உட்கார்ந்து மீன் வறுவலுக்குக் காவல் இருப்பார்.

அன்று ராத்திரி அப்பா போனதும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. எதிர்வீட்டு ஆசிரியர்தான், "ஃபேனை நிறுத்துங்க, தலைக்கு ரெண்டு தலகாணி வைங்க" என்று சொல்லி, மூடிய கண்கள்மேல் ஈரப் பஞ்சை வைத்து, கண் வங்கிக்குப் போன் போட்டார். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நேரத்துக்கு வந்துவிட்டார்கள். சார், அந்த நேரத்தில் உங்களுக்கு இருந்த நிதானம் எங்கள் ஒருவருக்கும் இல்லை.

கடைத்தெருத் தம்பிகள் வைத்த பிளெக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல போட்டோ, வாய்விட்டுச் சிரிக்கும் போட்டோ. அடித்த இடத்தில் மரியாதைக்காகப் பல்லை வெள்ளையாக்கிவிட்டார்கள். அம்மா பார்த்துவிட்டு, "யாருடி இது?" என்றார். அந்தத் துக்கத்திலும் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். காரியத்துக்குள் அதே தம்பிகள் பழைய பல்லோடு புதிதாக அடித்துக் கொண்டுவந்து கட்டினார்கள். காசு வாங்கவில்லை.

கம்பவுண்டர் அண்ணனுக்கும், கருவிகளை அவித்து எடுத்து வைக்கும் அக்காவுக்கும் இந்தக் கடிதத்தில் நன்றி எழுதினால் திட்டுவார்கள். அவர்களிடம் நேரில் பேசிக்கொள்கிறோம்.

அம்மா சொல்லச் சொன்னது: காரியத்தன்று சிலர் பழைய பாக்கி என்று பணத்தைக் கையில் திணித்துவிட்டுப் போனீர்கள். பாக்கி நோட்டை அம்மா கிழித்துப் போட்டுவிட்டார். இனி யாரும் அதற்காக வர வேண்டாம். காபி குடிக்க வாருங்கள்.

அப்புறம் கிளினிக் விஷயம். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் அப்பா கடைசிவரை நோயாளிகளைப் பார்த்ததால் சில வேலைகள் பாதியில் நிற்கின்றன. பல்செட்டுக்கு அளவு கொடுத்தவர்களுக்கு சேலம் லேப்காரர் எல்லாவற்றையும் முடித்து அனுப்பிவிட்டார், பெயர் ஒட்டி அலமாரியில் இருக்கிறது. வந்து மாட்டிப் பார்த்து, உறுத்தினால் அங்கேயே ராவி வாங்கிக்கொள்ளுங்கள். ரூட் கேனால் பாதியில் இருப்பவர்கள் வலி இல்லை என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது தற்காலிக சிமெண்ட், அது கரைந்தால் மறுபடி சீழ் பிடிக்கும். இளைய டாக்டர் மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பார். பழைய சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊரையும் பெயரையும் சொன்னால் கம்பவுண்டர் அண்ணன் எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
மூத்த மகளும் குடும்பத்தாரும்,
தருமபுரி